தேயிலை மேட்டில் ஒட்டிய கேபிள்

எண்பதுகளில் மலேசியாவின் கேமரன் மலையில் நாங்கள் டிவி வாங்கியபோது, பள்ளத்தில் இருந்த எங்கள் தோட்டத்து லயத்து வீட்டில் வெறும் புள்ளிகள்தான் தெரிந்தன. அதனால் நானும் மனைவியும் ஏரியலைத் தேயிலை மேட்டில் நட்டோம். வீடுவரை கேபிள் பத்தடி குறைந்தது. பக்கத்து வீட்டு அண்ணன் தந்த துண்டை ஒரு சின்ன ஜாயின்டர் வைத்து அதோடு இணைத்தேன். படம் தெரிகிறதா என்று பார்க்க அண்ணன் கீழே எங்கள் வீட்டுக்குப் போனார்.

“ஒன்னும் தெரியல லா,” என்று கீழேயிருந்து அவர் குரல் வந்தது.

கழற்றிப் பார்த்தேன். கேபிளுக்குள் மேலே சுற்றியிருந்த கம்பி வலையின் ஒரு மயிரிழை, நடுச் செம்புக் கம்பியைத் தொட்டுப் படத்தைத் தடுத்துக்கொண்டிருந்தது. என் தடித்த விரலில் அது சிக்கவில்லை.

“தள்ளுங்க, நான் பாக்குறேன்.” மனைவி கொழுந்து கிள்ளுவதுபோல் அதைக் கிள்ளி எறிந்தாள். மறுபடி திருகினேன்.

“வந்துருச்சு. மலாய்க்காரம்மா ஒருத்தங்க கேக் சுடுறாங்க,” என்று அண்ணன் கீழேயிருந்து கத்தினார்.

சிரித்துக்கொண்டே இறங்கி ஓடினோம். எங்கள் வீட்டில் எங்களுக்கே உட்கார இடமில்லை. கேக் வேகும்வரை லயமே அங்கே காத்திருந்தது.