சாவு வீட்டிலிருந்து வந்து குளித்தது

கொட்டாஞ்சேனையில் நாங்கள் இருந்த முடுக்கில் எல்லா வீட்டுக்கும் ஒரே குழாய். தேயிலைத் தோட்டத்தை விட்டு மூட்டை தூக்கவென்று கொழும்புக்கு வந்த அப்பாவுக்குக் கிடைத்த இடம் அது. பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சிங்களக் கத்தோலிக்கக் குடும்பம். அந்த வீட்டு இளையவனுக்கும் எனக்கும் ஒரே வயது. நான் அவனோடு சிங்களம் பேசுவேன், அவன் என்னோடு தமிழ் பேசுவான். இரண்டுமே பிழையாகத்தான் இருக்கும். ஒருவரையொருவர் பழித்துக்காட்டிச் சிரிப்போம்.

அவனுடைய அண்ணன் இராணுவத்தில் இருந்தார். அவன் 'அய்யே' என்று கூப்பிட்டதால் எனக்கும் அவர் அய்யேதான். லீவில் வந்தால் எங்கள் இரண்டு பேரையும் காலிமுகக் கடற்கரைக்குக் கூட்டிப்போவார். படையினர் ஒரு சுற்றிவளைப்பில் அப்பாவைப் பிடித்து ரோட்டில் நிறுத்தியிருந்தபோது, கட்டியிருந்த சாரத்தோடு ஓடிவந்து, "இவர் எங்கள் ஆள்" என்று சொல்லி மீட்டுத் தந்ததும் அவர்தான்.

அந்த அய்யே வடக்கில் நடந்த சண்டையில் செத்துப்போனார். பெட்டியைத் திறக்கக் கூடாது என்று சொல்லித்தான் கொண்டுவந்து வைத்தார்கள். அம்மாவும் நானும் போய் உட்கார்ந்தோம். என் கூட்டாளி வந்து என்னை ஒட்டி உட்கார்ந்தான். வீட்டில் வேறு யாருக்கும் விளங்கக் கூடாதென்றோ என்னவோ, தமிழில் கேட்டான்.

"உள்ள இருக்கிறது அய்யேதான் எண்டு எப்பிடித் தெரியும்?"

அவன் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

வெளியே வந்ததும் அம்மா என்னை நேரே குழாயடிக்கு இழுத்துப்போனார்.

"உள்ள கால வைக்காத. மொதல்ல தலையில ஊத்து."

"காச்சல் வரும்மா."

"வந்தா வரட்டும். சாவு வீட்டுக்குப் போயிட்டு அப்படியே சாமி படத்துக்கு முன்னால போய் நிப்பியா?"

போட்டிருந்த சட்டையோடு என் தலையில் ஊற்றினார். தாத்தா செத்தபோதும் இப்படித்தான் குளித்தோம். யார் வீட்டுச் சாவானாலும் எங்களுக்கு இதுதான் வழக்கம். முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது, பூச்சாடிக்குத் தண்ணீர் பிடிக்க வந்த என் கூட்டாளி வாளியோடு நின்றான்.

"ஏன் குளிக்கிற?"

"அம்மா சொன்னாங்க."

"எங்கட அய்யே அழுக்கா?"

அவன் அதை மெதுவாகத்தான் கேட்டான். அம்மாவுக்குக் கேட்கவில்லை. "நீ புடிச்சுக்கப்பா" என்று தன் வாளியை நகர்த்தி அவனுக்கு இடம் கொடுத்தார். அவன் வெறும் வாளியோடு திரும்பிப் போனான்.

பிறகு மதிலோரம் பந்து விளையாடக் கூப்பிட்டேன். வரவில்லை. கதவருகே நின்றால் உள்ளே போய்விடுவான். அப்பாவிடம் சொன்னேன்.

"போய் வெளங்கப்படுத்து. இந்த வீட்டுல நீ ஒருத்தந்தானே பள்ளிக்கூடம் போறவன்" என்றார்.

பள்ளிக்கூடத்தில் நான் படித்தது தமிழில். என் சிங்களம் முழுக்க அவன் தந்தது. அதில் பந்துக்கும் பட்டத்துக்கும் சண்டைக்கும் சொல் இருந்தது. தீட்டைப் பற்றி எப்படிச் சொல்லிப் பார்த்தாலும் அது அழுக்கு என்பதில் போய் முடிந்தது. சாவுக்கென்று முடுக்கில் கட்டியிருந்த வெள்ளைக்கொடிகளை அவிழ்த்த பிறகும் நான் போகாமல் தள்ளிப்போட்டதற்கு அதுதான் காரணம்.

கடைசியில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து அவர்கள் வந்ததும் போனேன். அவனுடைய அம்மா உட்காரக் கதிரை போட்டார். நான் தொடங்கியதுமே தடுத்துவிட்டார்.

"தெரியும் புத்தா, அது உங்கட வழக்கம்தானே. இவனுக்கும் சொன்னேன்." சிங்களத்தில்தான் சொன்னார், மகனே என்று கூப்பிட்டு, கோபமே இல்லாமல். இஞ்சி தட்டிப்போட்ட தேத்தண்ணீர் ஒரு கோப்பை தந்தார்.

அவன் உள்ளறைத் திரைக்குப் பக்கத்தில் நின்றான். "உனக்குத் தெரியுந்தானே?" என்று தமிழில் கேட்டேன்.

"தன்னவா" என்றான். தெரியும் என்று, சிங்களத்தில். அவன் உள்ளே போக, திரை விழுந்தது.

அவனுக்குத் தெரியாததுதான் எங்களுக்குள் பிரச்சினை என்று நினைத்துத்தான் இத்தனை நாளும் சொற்களைத் தேடிக்கொண்டிருந்தேன். இனித் தேட ஒன்றும் இல்லை. கோப்பை காலியானதும் அவனுடைய அம்மா, இன்னும் கொஞ்சம் ஊற்றவா என்று கேட்டார். எனக்குக் குடிக்க மனமில்லை. ஆனாலும் ஊற்றுங்கள் என்றேன். அது ஆறும்வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அவன் வெளியே வரவில்லை.