மீதி அப்பா எங்கே?

வலது கை மெழுகுக் கத்தியை ஸ்பிரிட் விளக்கின் சுடரில் காட்டி எடுத்தது. இடது கையின் இரண்டு விரல்களுக்கு நடுவே பூசணி விதை அளவில் ஒரு பல். சூடான கத்தி பட்டதும் ரோஜா நிற மெழுகு இளகி வழிவிட, விரல்கள் பல்லை அதில் நிறுத்தின. ஒரு மயிரிழை உள்ளே தள்ளின. யோசித்துவிட்டு அதே மயிரிழையை வெளியே இழுத்தன.

மேசையில் ஈரத் துணியின் மேல் ஒரு பழைய பல் செட்டின் வலது பாதி கிடந்தது. மேல்வரிசை, நட்டநடுவில் உடைந்தது. கைகள் அடிக்கடி அதை எடுத்துப் புதியதன் பக்கத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தன. பழைய முன்பல்லின் நுனியில் சின்னதாக ஒரு பள்ளம் இருந்தது. தேய்மானம்தான். கைகளுக்கு அது பிடிக்கவில்லை. புதிய முன்பற்களின் நுனி ஒரே நேர்கோட்டில், விரலை வைத்தால் வழுக்கும்படி இருந்தது.

கைகளுக்கு உரியவரைத் தெருவில் பல்லுக்காரர் என்பார்கள். பல் பிடுங்குகிறவர் அல்ல. மருத்துவர்கள் அளவு எடுத்து அனுப்புவார்கள். இவர் செட் செய்து திருப்பி அனுப்புவார். சின்ன வயதில் சித்தப்பாவின் பட்டறையில் பெருக்கித் துடைக்கச் சேர்ந்தவர். சித்தப்பாவுக்குச் சொல்லிக்கொடுக்கும் வழக்கமே கிடையாது. கெட்டுப்போன வேலையைக் குப்பைக்கூடையில் எறிவதோடு சரி. இவர் கூடையைக் கிளறி, ஒவ்வொன்றும் ஏன் கெட்டது என்று பார்த்துப் பார்த்தே தொழிலைக் கற்றுக்கொண்டார். அதனால் நல்ல பல் எப்படி இருக்கும் என்பதைவிட, எங்கெங்கே கோணும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

இந்தத் தொழிலில் ஒரு தொல்லை உண்டு. அவரைப் பார்த்தவர்கள் எல்லாம் வாயைத் திறந்து காட்டினார்கள். முடி வெட்டப் போனால் வெட்டுகிறவர் கத்தரியை வைத்துவிட்டு வாயைத் திறப்பார். வங்கியில் வரிசையில் நின்றால் முன்னால் நிற்பவர் திரும்பி வாயைத் திறப்பார். இதிலிருந்து தப்பிக்கத்தான் ஒரு பழைய கயாக்கை, ஒற்றை ஆள் துடுப்புப் படகை, வாங்கிக் கடலுக்குப் போக ஆரம்பித்தார். விடுமுறை நாளில் தனியாகத் துடுப்புப் போட்டுக்கொண்டு போய், கரையிலிருந்து பார்த்தால் ஒரு பொட்டு மாதிரி தெரியும் இடத்தில் தூண்டில் போட்டு உட்கார்ந்திருப்பார். அங்கே வாயைத் திறப்பது மீன் மட்டும்தான். அதற்கும் அவர் முதலில் பார்ப்பது பல்லைத்தான் என்பது வேறு விஷயம்.

அந்தத் தனிமைக்குள் மாமனார் வந்து சேர்ந்ததற்குக் காரணம் கிளாரினெட்.

மாமனார் நகர வாத்தியக் குழுவில் இரண்டாவது கிளாரினெட். வேலையில் சேர்ந்த நாள் முதல் இரண்டாவதுதான். முதல் கிளாரினெட் வாசிப்பவர் ஆரோக்கியமான மனிதர். சளி கூடப் பிடிக்காது. அவர் திடீரென்று வெளிநாட்டிலிருக்கும் மகளோடு போய்த் தங்கிவிட, சனிக்கிழமைக் கச்சேரியின் தனி வாசிப்பு மாமனாருக்கு வந்துவிட்டது. வாழ்நாளில் முதல் தடவை எல்லோரும் வாயை மூடிக்கொண்டு அவர் ஒருவரை மட்டும் கேட்கப்போகிறார்கள். அவருக்குச் சோறு இறங்கவில்லை. துடுப்புப் போட்டால் நெஞ்சு விரியும், மூச்சு நீளும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள்.

"மாப்பிள்ளை, இந்த வாரம் நானும் வர்றேன்" என்றார்.

மச்சானும் ஒட்டிக்கொண்டான். மாமனாரின் மகன், குழாய் வேலை செய்பவன். நீச்சலடித்தது இல்லை, படகில் கால் வைத்தது இல்லை. ஆனால் தண்ணீர் சம்பந்தப்பட்ட எதுவும் தன் இலாகா என்பது அவன் எண்ணம்.

பல்லுக்காரரின் மனைவி துணி வெளுக்கும் கடையில் முன்மேசையில் உட்கார்ந்திருப்பவள். வருகிற ஒவ்வொரு கோட்டையும் விரித்து, பொத்தானை எண்ணி, கறையைக் குறித்து வாங்குவாள்; தரும்போதும் அப்படியே எண்ணித் தருவாள். அன்று காலை அப்பாவையும் வாசலில் நிற்க வைத்து மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏங்க, இவரை எப்படிக் கூட்டிட்டுப் போறீங்களோ அப்படியே திரும்பக் கொண்டாந்து விடணும். சனிக்கிழமை இவர் வாசிக்கணும்" என்றாள். தம்பியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அப்பாவுக்கும் மகனுக்குமாக இரண்டு பேர் உட்காரும் கயாக் ஒன்றைப் பல்லுக்காரர் இரவல் வாங்கியிருந்தார். முதல் நாளே அதை மச்சான் தன் வேனில் ஏற்றிக்கொண்டு போய் வீட்டில் வைத்திருந்தான். கடற்கரையில் இறக்கும்போது, "அத்தான், இது சரியான ஓட்டைப் படகு. நல்லவேளை நான் பார்த்தேன்" என்றான். மாமனாரின் லைஃப் ஜாக்கெட்டுக்கு வார் இழுத்துக்கொண்டிருந்த பல்லுக்காரர் அதைக் காதில் வாங்கவில்லை. பிற்பாடு பல தடவை அவர் நினைத்துப் பார்த்த வாக்கியம் அது.

திட்டம் என்னவோ எளிமையானதுதான். அலையைத் தடுக்கக் கடலுக்குள் கட்டிய கல்சுவருக்கு உட்பக்கம் தண்ணீர் தட்டு மாதிரி அமைதியாக இருக்கும். அங்கேயே சுற்றிவிட்டுத் திரும்பிவிடுவது. ஆனால் மாமனார் முன்னால் உட்கார்ந்து வலப்பக்கமும், மச்சான் பின்னால் உட்கார்ந்து இடப்பக்கமும், அவரவர் தாளத்துக்குத் துடுப்புப் போட்டார்கள். மாமனார் இழுக்கும்போது மகன் தள்ளினான். கயாக் பம்பரம் மாதிரி சுற்றிச் சுற்றி, ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் வெளியே நகர்ந்தது. நடுவில் மாமனார் தூண்டிலை வீச, முள் மகனின் தொப்பியில் மாட்டி அதைக் கடலுக்குக் கொண்டுபோனது. முதல் வீச்சிலேயே ஏதோ மாட்டிவிட்டது என்று அவர் மகிழ்ச்சியோடு சுற்றி இழுத்தார். பல்லுக்காரர் பக்கத்தில் வந்து சேர்வதற்குள் கயாக் கல்சுவரைத் தாண்டியிருந்தது.

வெளியே வேறு கடல். காற்று பக்கவாட்டில் திரும்பியிருந்தது. அலைகள் தோள் உயரத்துக்கு எழுந்து, நுனி உடைந்து, இரண்டு பேர் மடியிலும் கொட்டின. பல்லுக்காரர் முதலில் பயப்படவில்லை. இந்த வகைக் கயாக்கில் ஆள் உள்ளே நுழைந்து உட்கார்வதில்லை, மேலேயே உட்கார்வதுதான். உட்காரும் பள்ளத்திலிருந்து அடிப்பக்கம் வரை குழாய் மாதிரி ஓட்டைகள் விட்டிருப்பார்கள். எவ்வளவு அலை விழுந்தாலும் தண்ணீர் அவற்றின் வழியாக வடிந்துவிடும்.

வடியவில்லை. மாமனார் இடுப்பளவு தண்ணீரில், குளியல் தொட்டியில் உட்கார்ந்திருப்பவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"தண்ணி ஏன் இறங்கல? ஓட்டைக்கு என்ன ஆச்சு?" என்று பல்லுக்காரர் காற்றுக்கு மேல் கத்தினார்.

"எல்லாத்தையும் அடைச்சிட்டேன் அத்தான்" என்றான் மச்சான். அந்த நேரத்திலும் அவன் குரலில் ஒரு பெருமை இருந்தது. "குழாய்க் கசிவை அடைக்கிற ரெண்டு மாவையும் பிசைஞ்சு உள்ள திணிச்சிருக்கேன். ஒரு சொட்டு கசியாது."

கசியவில்லை. பல்லுக்காரர் ஒட்டினாற்போல் வந்து மீன் வெட்டும் கத்தியால் குத்திப் பார்த்தார். கத்தியின் முனைதான் ஒடிந்தது. மச்சான் அடைத்தது அடைத்ததுதான் என்பது ஊருக்கே தெரியும். வேறு வழியில்லாமல் கயிற்றைக் கட்டிக் கல்சுவரைப் பார்த்து இழுக்க ஆரம்பித்தார். அவர்களைத் தண்ணீரை இறைக்கச் சொன்னார். மச்சான் இரை டப்பாவால் இறைத்தான். மாமனார் இறைக்கவில்லை. குமட்டலில் அவர் முகம் வெளிறிக்கொண்டிருந்தது.

ஒரு பெரிய அலை வந்து கயாக்கின் மூக்கைத் தூக்கியது. மாமனார் பின்பக்கம் திரும்பி, பக்கவாட்டில் குனிந்து, காலையில் சாப்பிட்டதைக் கடலுக்குக் கொடுக்க வாயைத் திறந்தார். அதே நேரத்தில் கயாக் மறுபக்கம் சாய்ந்தது. சாப்பாடு கடலுக்குப் போனது. மேல்வரிசைப் பல் செட் மட்டும் பள்ளத்துத் தண்ணீருக்குள் விழுந்து, அதோடு பின்னால் உருண்டுபோனது. டப்பாவை எட்டி எடுக்க அரைகுறையாக எழுந்திருந்த மச்சான், அடுத்த அலையில் தடாலென்று பல் செட்டின் மேல் உட்கார்ந்தான்.

"அப்பா, என்னமோ என்னைக் கடிச்சிருச்சு" என்று அலறினான்.

"எம் பவ்வு" என்றார் மாமனார், கையை ஆட்டி.

"என்னது?"

"பவ்வு. எம் பவ்வு."

"பாம்பா?"

மச்சான் பின்பக்கம் கையை விட்டு, கிடைத்ததைப் பிய்த்து, கண்ணை மூடிக்கொண்டு கடலில் எவ்வளவு தூரம் எறிய முடியுமோ அவ்வளவு தூரம் எறிந்தான். ரோஜா நிறத்தில் ஒன்று காற்றில் போவதைப் பல்லுக்காரர் பார்த்தார். தான் செய்த வேலையை அவருக்கு எவ்வளவு தூரத்திலிருந்தும் அடையாளம் தெரியும்.

பல்லுக்காரர் கயிற்றை இழுத்துக்கொண்டு கரையைப் பார்த்துத் துடுப்புப் போட்டார். வழியில் பல்லுக்காரரின் தூண்டிலில் ஒரு சீலா மீன் தானாக வந்து மாட்டியது. கரையில் அதைக் கொக்கியிலிருந்து எடுத்தபோது வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. எல்லாப் பல்லும் இருந்தது. மாமனார் அதையே பார்த்துக்கொண்டு மணலில் உட்கார்ந்திருந்தார்.

தண்ணீரைக் கொட்டக் கயாக்கைக் கவிழ்த்தபோதுதான் உள்ளிருந்து ஏதோ கடகடவென்று உருண்டது. பல் செட்டின் வலது பாதி. உடைந்தபோது அது பள்ளத்தின் மூலைக்குப் போய், அடைத்த ஓட்டையின் மேல் தங்கியிருக்கிறது. ஓட்டை திறந்திருந்தால் அந்தப் பாதி தாராளமாக நுழைந்து அடிக்கடலுக்குப் போயிருக்கும். மச்சானுக்கு இது புரிந்ததும் முகம் மலர்ந்தது.

"பார்த்தீங்களா அத்தான்? நான் அடைக்காம விட்டிருந்தா?"

பல்லுக்காரர் துடுப்பை அவன் கைக்கு எட்டாத இடத்தில் வைத்தார். தன் கைக்கும் எட்டாத இடம்தான் அது.

வீட்டு வாசலில் மனைவி நின்றிருந்தாள். மாமனார் வாயை இறுக்கி மூடிக்கொண்டு அவளைக் கடக்கப் பார்த்தார். என்னப்பா, எப்படி இருந்தது என்று கேட்டாள். தலையை ஆட்டினார். வாயைத் திறங்க என்றாள். திறந்தார். பல்லுக்காரர் சட்டைப் பையிலிருந்து பாதியை எடுத்து நீட்டினார். அவள் அதை விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். கடையில் பொத்தான் குறைந்த கோட்டைப் பிடித்துக்கொண்டு கேட்கும் அதே குரலில் கேட்டாள்:

"மீதி அப்பா எங்கே?"

அன்றைக்குச் சீலா மீன் குழம்பை மூன்று பேர் சாப்பிட்டார்கள். மாமனார் குழம்பை மட்டும் குடித்தார். மச்சான் நின்றுகொண்டே சாப்பிட்டான்.

மறுநாள் காலை பக்கத்துத் தெரு மருத்துவர் அளவு எடுத்துக் கொடுத்தார். மற்ற வேலைகளையெல்லாம் பல்லுக்காரர் ஒதுக்கி வைத்தார். மெழுகில் பல் அடுக்கி, பிளாஸ்டரில் புதைத்து, மெழுகை உருக்கிக் கொட்டி, ரோஜா நிற மாவை அழுத்தி வேகவைத்து, ஆறவிட்டு உடைத்து எடுத்து, உப்புத்தாளில் தேய்த்து மெருகேற்றினார். அவசரம் என்பதற்காக ஒரு கட்டத்தையும் சுருக்கவில்லை. பழைய செட்டும் அவர் செய்ததுதான் என்றாலும், அதைச் செய்தபோது கை இவ்வளவு பழகவில்லை. புதியது ஒரு குறையும் இல்லாமல் வந்திருந்தது.

சனிக்கிழமை மாலை, மண்டபத்தின் பின்னறை. நாற்காலிகளில் வாத்தியப் பெட்டிகள் திறந்து கிடந்தன. மேடையில் மற்றவர்கள் சுருதி சேர்க்கும் சத்தம் கேட்டது. மாமனார் பித்தளைப் பொத்தான் வைத்த கோட்டில் நின்றுகொண்டு புதிய பல்லைப் போட்டார். கடித்துப் பார்த்தார். 'சாப்பாடு, சனிக்கிழமை, தந்தி' என்று சொல்லிப் பார்த்தார். எல்லாம் சுத்தமாக வந்தது. கிளாரினெட்டை எடுத்து ஊதினார்.

கீச்.

மிதிபட்ட எலி மாதிரி ஒரு சத்தம். மறுபடி ஊதினார். வாய்க்கட்டை உதட்டில் நழுவி, இன்னும் பெரிதாக ஒரு கீச். மேடையில் சுருதி சேர்ப்பது ஒரு கணம் நின்றது.

"மாப்பிள்ளை, இது என் வாயே இல்ல" என்றார். கிளாரினெட்டைக் கீழே இறக்கினார். "நான் வாசிக்கல. போய்ச் சொல்லிடுங்க."

பல்லுக்காரர் வாயைத் திறக்கச் சொல்லி விரலால் தடவினார். ஆட்டம் இல்லை. உறுத்தல் இல்லை. கடி சமமாக இருந்தது. "எல்லாம் சரியாத்தானே இருக்கு மாமா. பழசுல இருந்த குறையைக்கூட எடுத்துட்டேனே."

"என்ன குறை?"

"முன்பல்லு நுனியில ஒரு பள்ளம். தேஞ்சு போயிருந்துச்சு. அதை நேராக்கிட்டேன்."

மாமனார் கிளாரினெட்டைப் பார்த்தார். அதன் வாய்க்கட்டையைப் பார்த்தார். பிறகு மருமகனைப் பார்த்தார்.

"அதுலதாங்க இதை வெப்பேன்" என்றார் மெல்ல. "இத்தனை வருஷமும் அங்கதான் உட்கார்ந்துச்சு."

மூலை நாற்காலியில் தலையணையின் மேல் தலையணை போட்டு உட்கார்ந்திருந்த மச்சான் எழுந்து வந்தான். அப்பாவின் வாயை எட்டிப் பார்த்தான். அத்தானின் முகத்தைப் பார்த்தான். அவசரப்படாமல், ஒவ்வொரு சொல்லையும் ருசித்துச் சொன்னான்:

"அப்ப நீங்களும் ஓட்டையை அடைச்சிட்டீங்க."

பல்லுக்காரர் மாமனாரின் வாயிலிருந்து புதிய செட்டைக் கழற்றி வாங்கினார். சட்டைப் பையிலிருந்து பழைய பாதியையும் ஒரு பொடி அரத்தையும் எடுத்தார். "வெளிச்சம் பிடி" என்றார். மச்சான் போன் விளக்கைப் பிடித்தான். முதல் தடவையாகச் சொன்னதை மட்டும் செய்தான். ஒரு குறையும் இல்லாமல் தான் செய்த பல்லில், பழைய பள்ளத்தைப் பார்த்துப் பார்த்து, அதே சாய்வில், அதே ஆழத்தில், பல்லுக்காரர் குறை செய்தார். நல்ல வேலையைக் கெடுப்பது நல்ல வேலை செய்வதைவிடக் கஷ்டமாக இருந்தது. ஒரு தடவை இழுத்து ஊதித் தூசியைத் தட்டினார். இன்னொரு தடவை இழுத்தார். மேடையிலிருந்து யாரோ கதவைத் தட்டினார்கள். கை வேகம் கூடவில்லை.

தண்ணீரில் அலசிக் கொடுத்தார். மாமனார் போட்டுக்கொண்டு, வாய்க்கட்டையை வைத்தார். அது தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. ஊதினார். அகலமான, தேன் மாதிரி ஒரு சுரம் அறை முழுக்க நின்றது. மூச்சு உண்மையிலேயே நீண்டிருந்தது. கடல் செய்த ஒரே நல்ல காரியம்.

கதவைத் திறந்தபோது மனைவி வெளியே நின்றிருந்தாள். கீச்சென்ற சத்தம் கேட்டு முன்வரிசையிலிருந்து எழுந்து வந்திருக்கிறாள். பல்லுக்காரர் மாமனாரின் தோளைப் பிடித்து அவள் முன்னால் நிறுத்தினார்.

"இந்தா. எப்படிக் கொடுத்தியோ அப்படியே. சரிபார்த்து வாங்கிக்கோ."

அவள் அப்பாவை ஒரு சுற்றுச் சுற்றச் சொன்னாள். கோட்டுப் பொத்தான்களை மேலிருந்து கீழே தொட்டு எண்ணினாள். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள். முன்பல்லின் பள்ளம் கண்ணில் பட்டதும் ஒரு கணம் நின்றாள். பிறகு தலையை ஆட்டினாள். அப்பாவின் கோட்டில் ஒட்டியிருந்த அரத்தூளைக் கைக்குட்டையால் துடைத்தாள்.

"சரியா இருக்கு" என்று சொல்லி, அப்பாவை மேடைப் பக்கம் திருப்பிவிட்டாள்.