சுவிட்சை அணைத்துவிட்டுத் தூங்கிய வீடு

சாயங்காலம் டிவியைப் போட்டதும் திரையின் மூலையில் ஒரு கட்டம் வந்து நிற்கிறது. இன்று இரவு மென்பொருள் புதுப்பிக்கப்படும், மின் இணைப்பைத் துண்டிக்க வேண்டாம் என்று நல்ல தமிழில், மரியாதையாக. எங்களுக்குத் தேவைப்பட்ட காலத்தில் இதை இங்கிலீஷில் மட்டும்தான் சொன்னார்கள்.

எம்.ரெட்டியபட்டியில் எங்கள் வீட்டு டிவிக்குக் கீழே ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. நிகழ்ச்சிகளைப் பதிந்துவைக்கும் வகை. மதுரையில் வேலைக்குச் சேர்ந்ததும் நான் வாங்கிப்போட்டது. அதை நினைத்தால் முதலில் வருவது வாசனைதான். சூடேறிய பிளாஸ்டிக்கும் வாடிய மல்லிகையும் சேர்ந்த வாசனை. அப்பா இறந்த பிறகு அம்மா அவர் படத்துக்குப் பூ வைக்கவில்லை. பெட்டியின் மேல்தான் வைத்தாள்.

"போட்டோவுல அவுக பேச மாட்டாக. இதுக்குள்ளதான பேசுறாக" என்பாள்.

உண்மைதான். பருத்தி வெடித்து நின்ற நேரத்தில் மழை கொட்டிய வருடம், டிவிக்காரர்கள் எங்கள் காட்டுக்கு வந்தார்கள். நிவாரணம் பற்றிக் கேட்டார்கள். அப்பா நனைந்த காயைக் கையில் வைத்துக்கொண்டு, "கறுத்துப்போச்சு சார், ஒண்ணும் தேறாது" என்றார். அப்புறம் யாரும் கேட்காமலே கேமராவைப் பார்த்து, "எம்மவ மதுரையில வேல பாக்குறா. படிச்ச புள்ள" என்றார். எப்படியோ அதை வெட்டாமல் போட்டுவிட்டார்கள். நான் பதிந்துவைத்தேன். அடுத்த வெள்ளாமைக்கு அப்பா இல்லை.

எங்கள் வீட்டில் முதன்முதலாக எழுத்துக்கூட்டியவள் நான். ரிமோட்டைப் பிரம்பு மாதிரி பிடித்துக்கொண்டு திரையில் வருவதை எல்லாம் அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவேன். கொஞ்சம் அலட்டல்தான், ஒத்துக்கொள்கிறேன். அப்படி ஒருநாள் வாசித்ததுதான் அந்த அறிவிப்பு. புதிய அப்டேட் வந்தால் பழைய பதிவுகள் அழிந்துபோகும். பெட்டி அதை ராத்திரியில், நாம் தூங்கும்போது, தானாகவே இழுத்துக்கொள்ளும். மெனுவுக்குள் தேடிப்போய் 'ஆட்டோமேட்டிக்' என்பதை நிறுத்தினேன். திரையில் அப்பா பேசுவதைப் போனிலும் படம்பிடித்துப் பார்த்தேன். அப்பா முகத்தில் கோடுகள் ஓடின, குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. அதுவும் அந்தப் போன் கெட்டபோது போய்விட்டது. எதையும் நம்பாத அம்மா, படுக்கப் போகுமுன் சுவரிலேயே சுவிட்சை அணைத்துவிடுவாள். வீட்டுக் கதவைத் தாழ்ப்பாள் போடுவதுபோல அதுவும் ஒரு வேலை. "பாப்பா, அமத்திட்டேன்" என்று போனில் சொல்லிவிட்டுத்தான் தூங்குவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாலவனத்தத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளைக்குப் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. நான் கேசரித் தட்டோடு வரும்போது அவர் ரிமோட்டோடு இருந்தார்.

"ரெண்டு வருசமா அப்டேட்டே பண்ணலயா? அதான் இப்படித் திணறுது. நா ஆட்டோமேட்டிக்ல போட்டுட்டேன். இன்னைக்கு ராத்திரி சுவிட்ச அமத்தாதீக."

"அது வேண்டாங்க. உள்ள பதிஞ்சதெல்லாம் அழிஞ்சிரும்" என்றேன்.

"அதெல்லாம் அழியாதுங்க. எனக்குப் பொழப்பே இதுதான்."

"ஸ்கிரீன்லயே போட்டிருந்துச்சுங்க. நான் வாசிச்சேன்."

அவருடைய அம்மா சிரித்தார். "பெட்டியப் பத்தி இம்புட்டுப் பேசுது. எம் மகனப் பத்தி ஒரு வார்த்த கேக்கலையே!" கூடமே சிரித்தது. என் தாய்மாமா முகம் கறுத்து, "அவுக கம்ப்யூட்டரு படிச்சவுக. நீ உள்ள போத்தா" என்றார்.

உள்ளே போனேன். அப்புறமும் ரிமோட்டைத் தொட மாமா விடவில்லை. பொழுது சாய மதுரை பஸ் ஏறுமுன் அம்மாவிடம் மட்டும், "மறக்காம அமத்திரும்மா" என்றேன். தலையாட்டினாள். அன்றைக்கு மாமா எங்கள் வீட்டிலேயே தங்கினார். "மாப்ள சொன்ன மொத வார்த்தையவே தட்டுவியா? காலையில போன் போட்டுக் கேட்டா என்ன சொல்லுவ?" என்றாராம். அம்மா சுவிட்சுக்குப் போன கையை எடுத்துக்கொண்டாள். அன்று ராத்திரி எனக்குப் போனும் போடவில்லை. சம்பந்தம் கூடி வரும் வீட்டில் மாப்பிள்ளையின் சொல்லுக்கு எதிராக ஒரு சுவிட்சைக்கூட அணைக்க முடியாது.

விடிந்ததும் போன் வந்தது.

"பாப்பா, பெட்டி புதுசு கணக்கா இருக்கு. அப்பாவக் காணோம்."

பாலவனத்தத்துக்காரர்களுக்குப் பெண் பிடித்திருந்ததாம். எனக்குப் பிடிக்கவில்லை என்று சொல்லச் சொன்னேன். ஒரு பெட்டிக்காக நல்ல இடத்தை விட்டவள் என்று மாமா இன்றைக்கும் விசேஷ வீடுகளில் சொல்லிக்கொண்டிருக்கிறார். சொல்லட்டும். அந்த மாப்பிள்ளைக்குத் தான் அழித்தது என்னவென்றே தெரியாது. யாரும் சொல்லவில்லை. மாப்பிள்ளையாக வந்தவரைச் சங்கடப்படுத்தக் கூடாதாம்.

இப்போது அம்மா என்னோடு மதுரையில் இருக்கிறாள். கறுப்புப் பெட்டியைப் பழைய சாமானோடு போட்டாயிற்று. திரையில் நிற்கிற கட்டத்தைப் பார்த்து, "என்ன கேக்குது?" என்றாள்.

"ராத்திரி அப்டேட் பண்ணிக்கிறேங்குதும்மா."

"பண்ணிட்டுப் போகட்டும். உள்ள யாரு இருக்கா?"

சொல்லிவிட்டுப் படுக்கப் போனாள். சுவிட்ச் அவள் போகிற வழியில்தான் இருக்கிறது. கை நீளவில்லை.