லூபே நினைக்கும் நேரம்

மாலை ஜெப மணி அடித்ததும் ஊரே உட்கார்ந்துவிடும். சாலையில் போகிறவன் நின்ற இடத்தில் உட்காருவான். கைப்பந்து ஆடுகிறவர்கள் பந்தை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவார்கள். லூபே மட்டும் எழுந்து நிற்பாள்.

சமோவாவின் இந்தத் தென்கரையில் வீட்டுக்குச் சுவர் கிடையாது. தூணும் கூரையும்தான். அதனால் அவள் நிற்பது ஊர் முழுக்கத் தெரியும். பாயில் குடும்பம் கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருக்கும். நடுவில் இவள் கையைக் கட்டிக்கொண்டு, ஒரு வரி விடாமல் எல்லோரையும்விட உரக்கப் பாடிக்கொண்டு நிற்பாள். ஜெபத்தில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. உட்காருவதில்தான் தகராறு.

ஊர்ச்சபை டின் மீனாக அபராதம் போட்டுப் பார்த்தது. டின் மீன் பெட்டியைத் தானே தலையில் சுமந்து வந்து பெரியவர்கள் முன்னால் தொப்பென்று வைத்தாள். "அடுத்த மாசத்துக்கும் சேத்தே வச்சுக்கங்க. சும்மா சும்மா நடக்க முடியல, முட்டி வலிக்குது" என்றாள். பெரியவர்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். பிறகு அபராதம் நின்றுபோயிற்று. தின்றவர்களுக்கும் டின் மீன் அலுத்திருக்க வேண்டும்.

தடித்த உடம்பு, ஆண்பிள்ளைக் குரல், கொக்கோ மணக்கும் தலைமுடி. கொக்கோதான் அவள் பிழைப்பு. மேட்டில் காய் பறித்து, விதையைக் காயவைத்து, தகரத்தில் வறுத்து, சூடு ஆறுவதற்குள் தோலை உரித்து, உரலில் இட்டு இடித்து, குவளையில் ஊற்றி உறையவைத்து பஸ் நிற்கும் இடத்தில் விற்பாள். விலை கேட்டுவிட்டு வாங்காமல் நகர்கிறவர்களை அவள் விடமாட்டாள். "ஏம்ப்பா, மோந்து பாத்ததுக்காவது எதாச்சும் குடுத்துட்டுப் போ" என்பாள். பஸ்ஸே சிரிக்கும்.

இத்தனை கலகலப்பான பெண்பிள்ளை ஏன் மணிக்கு உட்காருவதில்லை? ஊரில் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அவளுடைய தம்பி மனைவி எசேத்தாவுக்கு மற்றவர்களைவிட நன்றாகத் தெரியும், ஏனென்றால் அது அவளுடைய கதையும்தான்.

பெரிய அலை வந்த காலையில் முதலில் பூமி ஆடியது. கடல் பின்வாங்கி, பவளப்பாறையெல்லாம் வெளியே தெரிந்தது. யாரோ ஒரு புண்ணியவான் ஓடிப்போய் மரத்தில் தொங்கிய பழைய எரிவாயு உருளையை இரும்பால் அடித்தான். ஜெபத்துக்கும் ஆபத்துக்கும் ஊருக்கு அது ஒன்றுதான் மணி. வீட்டில் இருந்தவர்கள் கடலைப் பார்த்தார்கள், மேட்டைப் பார்த்து ஓடினார்கள். பள்ளிக்கூடம் போகும் சாலையில் இரண்டு பையன்கள் போய்க்கொண்டிருந்தார்கள். ஒருவன் லூபேயின் மகன் மோசே. மற்றவன் எசேத்தாவின் மகன் ஆரோனா. மணிச் சத்தம் கேட்டதும் அவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள்.

ஆம், உட்கார்ந்துவிட்டார்கள். சாலை ஓரத்தில், காலை மடக்கி, கையை மடியில் வைத்து, தலையைக் குனிந்து. லூபே மேட்டில் கொக்கோ பறித்துக்கொண்டிருந்தாள். அங்கிருந்து பார்த்தாள். எழுந்திரு என்று கத்தினாள், தொண்டை கிழியக் கத்தினாள். மணிச் சத்தத்தில் அது அவர்களுக்குக் கேட்கவில்லை. தென்னோலை விளக்குமாற்றுக் குச்சியால் முழங்காலில் தட்டித் தட்டி அவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான். "மணி கேட்டா எங்க இருக்கியோ அங்கயே உக்காரணும். ஆடக்கூடாது, அசையக்கூடாது." சொன்ன பேச்சைக் கேட்கும் பிள்ளைகள் என்று ஊரில் பெயர் வாங்கியவர்கள். அலை வந்து எடுத்துப்போகும்வரை உட்கார்ந்தே இருந்தார்கள், வேறென்ன சொல்ல?

அதற்குப் பிறகு லூபே வறுத்த கொக்கோவெல்லாம் கரிந்தது. தகரத்தின் முன்னால் உட்கார்ந்திருப்பாள். புகை வரும், தெரியாது. வாய் மட்டும் 'ஏன் உக்காந்தான், ஏன் உக்காந்தான்' என்று முணுமுணுத்துக்கொண்டிருக்கும். புருஷன் நியூசிலாந்தில் பழம் பறிக்கப் போனான், அங்கேயே தங்கிவிட்டான். இவளைப் பைத்தியம் என்று சொன்னவர்கள் உண்டு. எசேத்தாவும் மனசுக்குள் சொன்னாள். அவளுக்குள்ளும் அதே கேள்விதான் ஓடியது என்பது வேறு விஷயம். 'அன்னிக்கு மட்டும் அவனுக்குக் காய்ச்சல் வந்திருந்தா. அன்னிக்கு மட்டும் சட்டை காயாம இருந்திருந்தா.' சேம்பு சுரண்டும்போதும் அதுதான், குளிக்கும்போதும் அதுதான், தூக்கத்திலும் அதுதான். எசேத்தாவுக்கு அது இன்றுவரை நிற்கவில்லை.

லூபேக்கு ஒரு நாள் மாறியது. அது எப்படி என்று கேட்டால் அவள் சொல்லும் கணக்கு விசித்திரமானது. "நெனப்பு வரதத் தடுக்க முடியாது. ஆனா வர நேரத்த நான் சொல்லலாம்ல? கொக்கோ உரிக்கிறப்ப மட்டும் வான்னு சொல்லிட்டேன். மத்த நேரத்துல வந்து நின்னா, போடி, இப்ப வேல இருக்கு, அப்புறம் வான்னு வெரட்டிடுவேன்."

கேலியாகத்தான் இருக்கும். ஆனால் அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கொதிக்கக் கொதிக்க விதையை மடியில் கொட்டிக்கொண்டு, விரல் நுனி சுட்டுக் கன்றிப்போக உரித்துக்கொண்டே, அவள் அந்தக் காலையை முதலிலிருந்து கடைசிவரை நினைப்பாள். அப்போது யாரும் பேச்சுக்கொடுக்கக் கூடாது. கண்ணில் தண்ணீர் ஓடும், துடைக்கமாட்டாள். உரித்து முடிந்ததும் தோலை ஊதித் தள்ளிவிட்டு எழுந்துவிடுவாள்.

"ஏன் உக்காந்தான்னு கேட்டா, செக்கு மாடாட்டம் சுத்திக்கிட்டே கெடப்பேன் எசேத்தா. அதான் கேள்விய மாத்திட்டேன். அவன் எந்திரிச்சு ஓட நான் என்ன சொல்லிக் குடுத்திருக்கணும்? இதக் கேட்டா ஒரு வழி தெரியுது பாரு."

எசேத்தாவுக்கு அப்போது அவளை அடிக்க வேண்டும்போல் இருந்தது.

தெரிந்த வழியில் லூபே இறங்கிவிட்டாள். ஊர்ச்சபையோடு சண்டை போட்டு, மணியில் ஆபத்துக்கு வேறு அடி, ஜெபத்துக்கு வேறு அடி என்று ஆக்கினாள். பிள்ளைகளைக் கூட்டி ஆபத்து அடியை அடித்துக் காட்டி, உட்காருகிறவனை வைது, மேட்டுக்கு ஓடுகிறவனுக்குக் கொக்கோ கொடுத்தாள். சாயங்கால மணிக்கு அவள் நிற்பதும் அவர்களுக்காகத்தான். மணி அடித்தாலும் ஒருத்தி எழுந்து நிற்கலாம் என்று அவர்கள் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்க வேண்டுமாம். பிறகு, அதுவரை முழங்காலுக்குமேல் கடலில் இறங்கியிராதவள், நீச்சல் கற்றுக்கொண்டு பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தாள்.

"மலையாட்டம் அலை வந்தா உன் நீச்சல் என்னத்தக் கிழிக்கும்?" என்று மீன்காரன் ஒருவன் கேட்டான்.

"ஒண்ணும் கிழிக்காது. ஆனா தண்ணியப் பாத்துப் பழகின புள்ள உறைஞ்சு நிக்காது, ஓடும். நீயும் வா, கத்துத் தரேன். உன் தொப்பைக்கு நீ முழுகவே மாட்ட."

எல்லாப் பிள்ளைகளும் வந்தார்கள், ஃபியாவைத் தவிர. எசேத்தாவுக்கு அலைக்குப் பிறகு பிறந்த ஒரே மகள் ஃபியா. எட்டு வயதாகியும் கடல் தண்ணீர் காலில் பட்டதில்லை. தூரத்தில் மணிச் சத்தம் கேட்டாலே தாயின் இடுப்பைக் கட்டிக்கொள்வாள். இன்னொரு முறை பூமி ஆடினால் இந்தப் பெண் ஓடுமா, உறைந்து நிற்குமா என்பதுதான் லூபேயை அரித்தது. எசேத்தாவை அரித்ததும் அதேதான். அவள் அதை வெளியே சொல்லவில்லை.

அலையில் போனவர்களை நினைக்கும் ஞாயிறு வந்தது. வெள்ளைத் தொப்பியும் வெள்ளை உடையுமாகத் தேவாலயம் நிறைந்திருந்தது. குடும்பத்துக்கு ஒருவர் எழுந்து இரண்டு வார்த்தை சொல்வது வழக்கம்: கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார், அவ்வளவுதான். லூபே எழுந்தாள்.

"அந்த அலை எனக்கு நல்லது செஞ்சுது" என்றாள்.

விசிறிகள் அத்தனையும் நின்றன. போதகர் திறந்த வாயை மூடவில்லை.

"மூஞ்சியச் சுளிக்காதீங்க. அதுக்கு முன்னாடி நான் எப்படி இருந்தேன்னு உங்களுக்கே தெரியும். சொன்னதச் செய்யின்னு புள்ளைங்கள அடிச்சேன், ஏன்னு ஒரு நாள் கேக்கவிட்டதில்ல. இப்ப கேக்கச் சொல்லித் தரேன். என் புள்ளையக் குடுத்துதான் இந்தப் புத்திய வாங்கினேன். இந்த வெல வேணாம்னு சொல்ல என்னை யாரும் கேக்கல. குடுத்தாச்சு. வாங்கினதையும் கடல்ல போடவா?"

எசேத்தா எப்போது எழுந்தாள், எப்படி வரிசையைத் தாண்டினாள் என்று அவளுக்கே தெரியாது. அறைந்த சத்தம் கூரைவரை கேட்டது. லூபேயின் தொப்பி மூன்று வரிசை தள்ளிப்போய் விழுந்தது. தம்பி பெண்டாட்டி நாத்தனார்மேல் கைவைப்பதை இந்தக் கரையில் யாரும் கண்டதில்லை. தம்பியே அக்கா முன்னால் குரலை உயர்த்தமாட்டான்.

"உன் புள்ளைய வித்து நீ புத்தி வாங்கு. என் புள்ளையையும் ஏன் அதுல சேத்த?" என்று கத்தினாள் எசேத்தா.

லூபே தொப்பியை எடுத்துவரப் போனாள். திரும்பி வந்து, வீங்கிய கன்னத்தோடு, மெதுவாகத்தான் சொன்னாள். "இன்னும் அடிக்கணும்னா அடி. ஆனா ஃபியாவ அனுப்பு. வேற ஒண்ணும் உன்கிட்ட கேக்கல."

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு ஃபியா வீட்டுக்கு வரவில்லை. எசேத்தா செருப்பும் இல்லாமல் கரைக்கு ஓடினாள். பிள்ளைகள் மணலில் வரிசையாக நின்றார்கள், கடைசியில் ஃபியா. தண்ணீரை நெருங்கவில்லை, இடுப்பைப் பிடித்துக்கொள்ளத் தாய் இல்லாததால் தன் இடுப்பில் சுற்றிய லாவாலாவாத் துணியின் முடிச்சையே பிடித்துக்கொண்டு நின்றாள். எசேத்தா அவள் மணிக்கட்டைப் பற்றினாள். "எங்கடி உன் அத்த?"

"பாறைக்குப் பின்னால. தெனமும் போயிட்டுதான் வருவாங்களாம்."

இழுத்துக்கொண்டே பாறையைச் சுற்றிப் போனாள். வைய வேண்டியதெல்லாம் நாக்கு நுனியில் தயாராக இருந்தது.

லூபே பாறையில் இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். வெறும் பித்தநீர். முதுகு குலுங்கியது. நேற்றைய அறையின் தடம் கன்னத்தில் அப்படியே இருந்தது.

எசேத்தா அதிர்ந்துபோனாள். அலைக்கே நன்றி சொன்ன வாய் இது. "உடம்புக்கு என்ன அண்ணி?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. தெனமும்தான்." லூபே புறங்கையால் வாயைத் துடைத்தாள். "தண்ணியக் கண்டா இன்னும் அவன்தான் தெரியறான், தலையக் குனிஞ்சு உக்காந்துகிட்டு. பயம் போயிடுச்சுன்னு நான் எப்பவாச்சும் சொன்னேனா? புத்தி வந்துச்சுன்னுதான் சொன்னேன். புள்ளைங்க கையப் புடிக்காம இந்தத் தண்ணில ஒரு அடி எறங்கமாட்டேன். நான் புடிச்சிருக்கேன்னு அதுங்க நெனைச்சுக்குதுங்க."

எசேத்தா லூபேயை இத்தனை வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள், இதைப் பார்த்ததில்லை. தன் லாவாலாவாவின் முனையை எடுத்து நாத்தனாரின் வாயோரத்தைத் துடைத்துவிட்டாள். பிறகு மகளிடம் குனிந்தாள்.

"ஃபியா, அத்த கையப் புடிச்சுக்கோ. அத்தைக்குப் பயமா இருக்கு."

ஃபியா அம்மாவைப் பார்த்தாள், அத்தையைப் பார்த்தாள், கையை நீட்டினாள். லூபே அதைப் பற்றிக்கொண்டு கடலைப் பார்த்து நடந்தாள். தண்ணீர் கணுக்காலைத் தொட்டதும் பிள்ளை, "அத்த, கை வலிக்குது" என்றது. லூபே பிடியைத் தளர்த்தவில்லை.