ஓவசியர் என் பெயரில் எழுதிய தண்டம்

சூறாவளி தென்னைகளின் தலையைத் திருகிப் போட்டதே, அதற்கு அடுத்த வருட மாரிக்காலத்தில் நடந்தது. இஸ்மாலெவ்வை ஓவசியர் மௌத்து, காலமாகிவிட்டார் என்று போன வெள்ளி பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் கேட்டதும் அந்த மாரிதான் என் கண்ணுக்கு முன் வந்தது. எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்ல, மருமகன் எழுதுகிறார்.

எங்கள் ஊர்ச் சபையில் தெருக்கான், அதுதான் தெருவோரச் சாக்கடை, துப்புரவு செய்தவன் நான். ஓவசியர் அங்கே எனக்கு மேலாள். கானுக்குள் குப்பை போட்டால் தண்டம் என்று சபை அறிவித்த நாள் முதல், தண்டப் புத்தகத்தோடு சைக்கிளில் திரிந்தார். "குப்பை நீதவான் வாறார், செதிலையும் மடியில கட்டுங்கடா!" என்பார் மீன்கார அசனார். அவருக்கும் தண்டம் எழுதினார். "அடுத்தவன்ட வாசல்ல தண்ணி நிண்டா எனக்கென்ன எண்டு இருக்கிற ஆளுக்குத்தான் இந்தப் புத்தகம்" என்பது ஓவசியரின் பேச்சு.

சூறாவளியில் நனைந்து சிதைந்த குர்ஆன் ஏடுகளை நாங்கள் குப்பை வண்டியில் போடமாட்டோம். ஓடும் தண்ணீரில் விடுவதுதான் வழக்கம். என் வீட்டு ஏடுகளை நான் உடுத்துப் பழசான சாரனில் கட்டி, மழைக்குப் பாய்ந்த கானில் விட்டேன். கடலுக்குப் போய்விடும் என்று நம்பினேன். அது மதகுக் குழாயில் சிக்கியது. எங்கள் ஒழுங்கையில், வீட்டு வாசல்களில், இடுப்பளவு தண்ணீர். கான் நீர் கிணற்றில் இறங்கி, நாலு வயது மகள் றிஸ்மியாவுக்கு வயிற்றோட்டம் பிடித்தது.

பொட்டலத்தை இழுத்தெடுத்தது நானும் ஓவசியரும். சாரனை அடையாளம் கண்டார். ஏட்டைக் கண்ணில் ஒற்றிவிட்டுப் புத்தகத்தை விரித்தார்.

"ஓதுற ஏட்டுக்கும் தண்டமா? உடுங்க ஓவசியர்" என்றார் அங்கு நின்ற, பள்ளிவாசல் நிர்வாகம் பார்க்கும் மரைக்கார்.

"ஏட்டுக்கு இல்ல மரைக்கார், மதக அடைச்சதுக்கு. ஏடு பொதைக்க ஒரு துண்டு நிலம் தாங்க எண்டு ஒங்களிட்டயும் கேட்டன், சபையிட்டயும் கேட்டன். தந்தீங்களா?"

நான் அவர் கையைப் பிடித்தேன். "வேல போயிரும்."

"ஓம் காக்கா, போகும். அசனாருக்கு எழுதின கை இது" என்றார். காக்கா என்று, மூத்தவன் முறையில்தான் என்னைக் கூப்பிடுவார்.

வேலை போனது. மூன்றாம் நாள் மகளும் போனாள். அவளை அடக்கிய கபுறடியில் ஓவசியர் என் காதோடு கேட்டார்: "பொஞ்சாதிக்குச் சொன்னீங்களா?"

சொல்லவில்லை. ஏடுகளைக் கடலிலேயே விட்டேன் என்றும், தண்டம் தெருக் குப்பையைக் கானுக்குள் தள்ளியதற்கு என்றும் அவளிடம் பொய் சொல்லியிருந்தேன். "அந்தப் பொட்டலத்தப் போட்டவன் வெளங்குவானா!" என்று அவள் இருந்தும் எழும்பியும் ஏசினாள். அவள் போட்ட சோற்றைத் தின்றபடி கேட்டுக்கொண்டிருந்தேன்.

பெருநாளுக்குப் பெருநாள் கைகொடுக்கும்போது, "சொல்லிட்டீங்களா காக்கா?" என்பார் ஓவசியர். இல்லை என்றால் கையை விடாமல் சற்று நிற்பார். வேறு எவரிடமும் வாய் திறக்கவில்லை. போன மாதம் நோயாய்ப் பாயில் கிடந்தும் அதையே கேட்டார். "நானும் போயிட்டா ஒங்களக் கேக்க ஆளில்லயே."

அவர் எழுதிய தண்டத் துண்டு என்னிடம் இருக்கிறது. அதில் என் பெயர் எந்த இடத்தில் என்று எனக்குத் தெரியாது. மரைக்கார் எப்போதோ மௌத்து. இப்போது ஓவசியரும் இல்லை. எழுதி முடிந்ததும் இதை உரக்க வாசிக்கும்படி மருமகனிடம் சொல்லியிருக்கிறேன். கேட்க வேண்டியவள் குசினியில் அடுப்போடு இருக்கிறாள். அந்த மாரியில் என்னோடு பிள்ளையைப் பறிகொடுத்தவள், இன்றும் என்னோடு இருப்பவள், என் பொஞ்சாதி ஆயிஷா உம்மா.