அழு, பைன் மரமே

ஒரு பெண் குறுக்கே நடந்தால் மலை இடிந்து விழும் என்று நீங்கள் நம்புகிறீர்களா? அவசரப்பட்டு இல்லையென்று சொல்லாதீர்கள். நல்ல காரியத்துக்குக் கிளம்பும்போது எதிரே வருவது யார் என்று உங்கள் கண்ணும் ஒருமுறையாவது தேடியிருக்கும்.

தென் கொரியாவின் கங்வொன் மலைகளில் நிலக்கரி வெட்டிய காலத்தில் எல்லோரும் அதை நம்பினார்கள். காலை ஷிப்டுக்குப் போகும் ஆண்களுக்கு முன்னால் பெண் தெருவைக் கடக்கக் கூடாது. கடந்தால் அவர்கள் வீட்டுக்குத் திரும்பிவிடலாம். கம்பெனிகூட ஏனென்று கேட்காது. தக் குமசூனுக்கு இது தெரியும். ஆனால் அந்த நவம்பர் காலையில் புருஷன் மன்சொக் சோற்று டப்பாவை மறந்துவிட்டான். அவள் ஓடினாள், தெருவைக் கடந்து டப்பாவை நீட்டினாள். சுற்றி நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். மன்சொக்தான் சிரித்தபடி அவர்களை இழுத்துக்கொண்டு போனான்.

பத்து மணிக்குச் சுரங்கத்தின் கூரை இறங்கியது. மன்சொக்கும் இன்னும் இருவரும் பிணமாக வெளியே வந்தார்கள். டப்பாவும் வந்தது. மூடிகூடத் திறக்கவில்லை.

சுரங்கத்தில் செத்தவனின் மனைவிக்கு, ஓடும் பட்டையில் வரும் கரியிலிருந்து கல் பொறுக்கும் வேலை கொடுப்பது அங்கே வழக்கம். குமசூனுக்கு மட்டும் அது மறுக்கப்பட்டது.

"தெனம் காலையில இந்தம்மா இந்த வழியாத்தான் வரணும். எந்த ஆம்பள உள்ள எறங்குவான்?" என்றார் மேஸ்திரி க்வாக்.

அதைவிடக் கொடுமை, அவர் சொன்னது சரியென்றே அவளும் நினைத்தாள். புருஷனைக் கொன்றது தன் கால்கள்தான் என்று நம்பினாள்.

ஒரு மாதம் கழித்து, மன்சொக்கின் பூட்ஸை அவன் கூட்டாளி போங்தூவிடம் கொடுக்கப் போனாள். போங்தூ சுரங்கக் கூரைக்கு மர முட்டுக் கொடுப்பவன். இருவருக்கும் ஒரே கால் அளவு. ஷிப்டு முடிந்த ஆண்கள் பன்றிக்கறிக் கடையில் அரிசிக் கள்ளோடு உட்கார்ந்திருந்தார்கள். உள்ளேயிருந்து அந்தப் பாட்டு வந்தது. மன்சொக் தினமும் பூட்ஸ் கயிறு கட்டும்போது பாடிய பாட்டு.

அழு, பைன் மரமே, அழு,
நீ அழுதால் வீடு வருவேன்.
அழாத மரத்துக்கு அடியில்
எனக்குச் சோறு வைக்காதே.

அவளுக்கு அதைவிடப் பிடித்த பாட்டு கிடையாது. எதற்கெடுத்தாலும் கண் கலங்கும் தன்னைத்தான் கேலி செய்கிறான் என்று மகிழ்ந்திருக்கிறாள். கடைசி இரண்டு மாதமும் அவன் கடைசி இரண்டு வரிகளை மட்டுமே பாடினான். ஏன் என்று அவள் கேட்டதில்லை.

"வாசல்ல குறுக்க நிக்காதம்மா. நாளைக்கும் நாங்க எறங்கணும்," என்றான் ஒருவன்.

"நிக்கல. ஒண்ணு கேட்டுட்டுப் போயிடறேன். பைன் மரம் எதுக்கு அழணும்?"

"பாட்டுக்கு ஏது அர்த்தம்? கள்ளு பாடுது, நாங்க வாயத் தொறக்கறோம்!"

கூட்டம் சிரித்தது. போங்தூ சிரிக்கவில்லை.

"முட்டுக் கொடுக்கற மரம் அண்ணி. பைன் ஒடியறதுக்கு முன்னாடி கிறீச்சு கிறீச்சுன்னு கத்தும். கேட்டவுடனே ஓடி வந்துடலாம். மத்த மரம் கம்முனு நிக்கும். ஒடிஞ்சா ஒரே அடியா ஒடியும்."

"அன்னிக்கு அழுதுதா?"

போங்தூ கையிலிருந்த கள்ளுக் கிண்ணத்தைக் கீழே வைத்தான்.

"பைன் வராம அப்பவே ரெண்டு மாசமாச்சு. கெடச்ச கட்டைய வைக்கச் சொன்னாங்க. நான்தான் வச்சேன் அண்ணி," என்று போங்தூ தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

குமசூனுக்கு இப்போதுதான் பாட்டு புரிந்தது. எந்த இன்ஜினியரும் எழுதித் தராததை, பேர் தெரியாத எவனோ நாலு வரியில் எழுதி வைத்திருக்கிறான். மரம் அழுத சத்தம் கேட்டு ஒருநாள் உயிரோடு ஓடி வந்தவனாக இருக்கவேண்டும். எழுத்துத் தெரியாதவர்களும் மறக்காமலிருக்க அதை மெட்டில் கட்டியிருக்கிறான். எத்தனை வாய் கடந்து வந்த எச்சரிக்கை! குடித்தும் பாடினார்கள், குளித்தும் பாடினார்கள், ஒருவரும் காது கொடுக்கவில்லை. தினமும் தன் வாசலில் நடந்தது வெறும் கேலியல்ல. ஒரு மனிதன் தனக்கு வரப்போவதைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். அவளும் அழாத மரத்துக்கு அடியில்தான் அவனுக்குச் சோறு அனுப்பியிருக்கிறாள். அவள் அழுதாள். ஆனால் கால்கள் முதல்முறையாக லேசாயிருந்தன.

மறுநாள் காலை, ஷிப்டு வரும் நேரத்தில், அவள் தெருவைக் கடந்தாள். திரும்பி இன்னொருமுறை கடந்தாள்.

"பைத்தியமா உனக்கு? தள்ளிப் போம்மா!" என்று கத்தினார் க்வாக்.

"உள்ள என்ன மரம் மேஸ்திரி? அத மட்டும் சொல்லுங்க, போயிடறேன்."

க்வாக் ஆட்களைப் பார்த்து உள்ளே போகும்படி கை காட்டினார். போங்தூ தொப்பியைக் கழற்றினான்.

"பொம்பள குறுக்க வந்துட்டா மேஸ்திரி. வழக்கம் வழக்கம்தான். நான் வீட்டுக்குப் போறேன்."

ஷிப்டுக்கு வந்த நாற்பது பேரும் திரும்பினார்கள். வேலைநிறுத்தம் செய்தால் சிறை என்றிருந்த காலம் அது. பெண் குறுக்கே வந்ததற்காகத் திரும்பியவனை எந்தச் சட்டத்தில் பிடிப்பார்கள்? அடுத்த நாள், கல் பொறுக்கும் பதினோரு விதவைகளும் அவளோடு கைகோத்துத் தெருவைக் கடந்தார்கள். நான்காம் நாள் பைன் மரம் ஏற்றிய லாரிகள் மலையேறி வந்தன.

மறுத்த வேலையும் குமசூனுக்குக் கிடைத்தது; பதினாறு வருடம் கல் பொறுக்கினாள். ஒவ்வொரு காலையும் அதே தெருவை, அதே பாட்டைப் பாடிக்கொண்டு கடந்தாள்.

உங்கள் ஊரிலும் ஒரு சாவுக்கு ஒரு பெண்ணின் கால்களையோ ராசியையோ காரணம் காட்டுவார்கள். அப்போது தலையாட்டிவிட்டு வராதீர்கள். எழுந்து நின்று, அந்தக் கூரையை எந்த மரம் தாங்கிக்கொண்டிருந்தது என்று கேளுங்கள். பதில் வரும்வரை வழியை விட்டு நகராதீர்கள்.