அப்பா வெட்டிய சீல்

எனக்கு முன்கோபம் அதிகம். கோபம் வந்துவிட்டால் எதிரில் நிற்பது யாரென்று பார்க்க மாட்டேன். அந்த ஆயுத பூஜைக்கு மறுநாள் காலையில் அப்பாவிடம் நான் போட்ட சத்தம் பக்கத்துத் தோட்டம் வரை கேட்டிருக்கும். அது கோபமில்லை, பயம் என்பது அப்போது எனக்கு மட்டும்தான் தெரியும்.

எங்கள் வீடு பொள்ளாச்சிக்கு மேற்கே, கேரள எல்லையில், கோவிந்தாபுரத்துக்குப் பக்கம். தென்னையும் நெல்லும்தான் பிழைப்பு. கிணற்று மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றுவதில் ஆரம்பித்து பைக் எஞ்சினுக்கு வந்து சேர்ந்தவன் நான். என் தங்கை பைக் பந்தயம் ஓட்டுகிறாள், தேசிய அளவில், ஆண்களோடு சேர்ந்து, மேல் பிரிவில். அவளுக்கு எஞ்சின் போடுவது நான். பொம்பளைப் பிள்ளைக்கு இது எதற்கு என்று கேட்டவர்களுக்கு அவள் பதிலே சொன்னதில்லை. அவளுக்கும் சேர்த்து நான் சொல்லிவிடுவேன், கொஞ்சம் காரமாகவே.

உலகப் பெரிய கார் பந்தயத்தில் எஞ்சின் விதி மாறினால் எந்தக் கம்பெனி உள்ளே வருகிறது, எது வெளியே போகிறது என்று செய்தியில் அலசுகிறார்கள். எங்கள் பந்தயத்திலும் அதே கதைதான், சின்ன அளவில். பல வருடம் எட்டிக்கூடப் பார்க்காத ஒரு பைக் கம்பெனி அந்த வருடம் வந்தது, ஒரே நிபந்தனையோடு. எல்லோருக்கும் கடையில் விற்கிற அதே எஞ்சின், உள்ளே யாரும் கை வைக்கக் கூடாது. முதல் போட்டியிலேயே எஞ்சின் போல்ட்டுகளில் கம்பி கோத்து, எண் அடித்த ஈய வில்லையை நசுக்கி சீல் வைத்துவிட்டார்கள். வருடம் முழுக்க அந்த எஞ்சின்தான். ஒவ்வொரு போட்டியிலும் சீட்டுக் குலுக்கி இரண்டே எஞ்சினைப் பிரித்து அளப்பார்கள். சீல் அறுந்திருந்தால் மட்டும் சீட்டெல்லாம் கிடையாது, கட்டாயம் பிரிப்பார்கள். எஞ்சின் ஒன்றுபோல இருந்தால்தானே ஓட்டுகிறவரின் கை தெரியும் என்றார் கம்பெனி ஆள். கடைசிப் போட்டி முடிந்ததும் ஒருவரைத் தங்கள் சொந்த அணிக்கு எடுத்துக்கொள்வதாகவும் சொல்லியிருந்தார். மாதச் சம்பளம், வெளிநாட்டுப் பந்தயம் எல்லாம் உண்டு. ஐந்து போட்டியில் நான்கு முடிந்தபோது மூன்றை என் தங்கை ஜெயித்திருந்தாள். அந்த இடம் ஏறக்குறைய அவள் கைக்கு வந்துவிட்டது.

அவளுக்குத் தெரியாமல் நான் ஒன்று செய்திருந்தேன். சீல் வைப்பதற்கு முந்தின வாரம் எஞ்சினின் மேல்மூடியான சிலிண்டர் ஹெட்டைப் பொள்ளாச்சியில் ஒரு லேத்துப் பட்டறையில் கொடுத்து அரை மில்லிமீட்டர் சீவி வாங்கினேன். ஹெட் மெலிந்தால் உள்ளே அழுத்தம் கூடும், வண்டி கொஞ்சம் கூடுதலாக இழுக்கும். அது விதிக்கு வெளியே. நாடு ஓடினால் நடுவே ஓடு என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். சீட்டுக் குலுக்கும்போதெல்லாம் குலதெய்வத்தை வேண்டிக்கொள்வேன். நான்கு தடவையும் எங்கள் எண் வரவில்லை.

கடைசிப் போட்டிக்கு நாலு நாள் முன்பு ஆயுத பூஜை வந்தது. நானும் தங்கையும் டயர் எடுக்கக் கோயம்புத்தூர் போயிருந்தோம். பொழுது சாயத் திரும்பினால், டிராக்டருக்கும் மருந்தடிக்கிற மிஷினுக்கும் நடுவில் பந்தய பைக் நிற்கிறது. சந்தனம், குங்குமம், கழுத்து நிறையச் செவ்வந்தி மாலை. அந்த வண்டியை அப்பா சனியன் என்றுதான் சொல்லுவார், பக்கத்தில்கூடப் போக மாட்டார். தங்கைக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும் சந்தோஷம்தான். பூஜையில் வைத்ததை விடியும் வரை தொடக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம், அதனால் யாரும் கிட்டே போகவில்லை.

காலையில் மாலையைக் கழற்றினேன். எஞ்சின் பளபளவென்று இருந்தது. போல்ட்டுகளில் கம்பி இல்லை, ஈயம் இல்லை. திரும்பி அப்பாவைக் கூப்பிட்டேன்.

"ஏனுங்கப்பா, இங்கிருந்த கம்பி எங்க?"

"அதா? என்னமோ துருப்புடிச்ச கம்பி சுத்திக் கெடந்துச்சு. சாமிக்கு வெக்கறதுல குப்பை எதுக்குன்னு வெட்டிப் போட்டேன். மோட்டாரு, டிராக்டரு எல்லாத்தையும் மண்ணெண்ணெய்ல கழுவீட்டு, புள்ளையோட வண்டிய மட்டும் உட்டா நல்லாவா இருக்கும்?"

அப்புறம் நான் பேசியதை எழுதக் கூசுகிறது. பட்டிக்காட்டுப் புத்தி என்றேன். மகள் பிழைப்பில் மண்ணள்ளிப் போட்டாயே என்றேன். அப்பா பழைய ஆணி போடும் தகர டப்பாவைக் கொண்டுவந்து கிளறி, ஈய வில்லையையும் கம்பித் துண்டுகளையும் பொறுக்கி என் கையில் வைத்துவிட்டுத் தென்னந்தோப்புக்குள் போய்விட்டார்.

வில்லையில் எண் அழியாமல் இருந்தது. அதே போலக் கம்பி வாங்கிக் கோத்து, வில்லையைக் கொஞ்சம் சூடு காட்டி நசுக்கினால் யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள். கம்பி தேடி எடுத்து உட்கார்ந்தேன். பாதி கோத்திருப்பேன், தங்கை வந்து நின்றாள்.

"என்னண்ணா பண்றீங்க?"

அதே வில்லையைத் திருப்பி வைப்பதாகச் சொன்னேன். அவள் கீழே உட்கார்ந்து என் கையிலிருந்து கம்பிக்குறட்டை வாங்கி வைத்தாள்.

"இது எதுக்குங்கண்ணா? உள்ளதச் சொல்லீருவோம். பிரிச்சுப் பாக்கட்டும். நீங்க போட்ட எஞ்சினு, நமக்கென்ன பயம்?"

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. அளக்கிறவர் அரைகுறையாக அளந்துவிட்டு விட்டுவிடுவார் என்று ஒரு நப்பாசை. அன்றும் மறுநாளும் அப்பா இருக்கும் பக்கமே நான் போகவில்லை. அப்பாவின் மேல் நான் கோபமாக இருப்பதாகவே வீட்டில் நினைத்துக்கொண்டார்கள், நானும் அப்படியே விட்டுவிட்டேன். என்னைப் போல ஒரு கோழை இருக்க முடியாது.

பந்தயத்துக்கு முந்தின நாள் விடியற்காலையில் வண்டியை வேனில் ஏற்றினோம். அப்பா வெள்ளை வேட்டி சட்டையில் வந்து முன்சீட்டில் ஏறிக்கொண்டார். யாரும் கூப்பிடவில்லை. சோதனைச் சாவடி தாண்டிப் பொள்ளாச்சி வந்தது. அப்புறம் அப்பா என்னைப் பார்க்காமலே சொன்னார்: "வெட்டுனவன் நானு. நானே சொல்றன். உம்மேல ஒரு பழியும் வராது."

பந்தயத் தளத்தின் பரிசோதனைக் கொட்டகையில் அதிகாரி எங்கள் வண்டியைக் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். கம்பெனி ஆளும் பக்கத்தில் இருந்தார். அப்பா கைகூப்பியபடி முன்னால் போனார்.

"ஐயா, தப்பு எம்பேர்லதானுங்க. பூசைக்குக் கழுவறப்ப தெரியாம வெட்டிப்போட்டனுங்க. எம்பையனுக்கோ புள்ளைக்கோ இதுல ஒண்ணும் தெரியாதுங்க. நீங்க நல்லாப் பிரிச்சுப் பாருங்க. எம்பையன் தப்பு வேலை செய்யமாட்டானுங்க."

அதிகாரி அப்பாவை உட்காரச் சொன்னார். எஞ்சினைப் பிரித்தார்கள். ஒவ்வொரு போல்ட்டாகக் கழன்றது. ஹெட்டை எடுத்துத் துணியால் துடைத்து மேசையில் வைத்தார்கள். அதிகாரி அளவுக்கருவியைக் கையில் எடுத்தார். தங்கை ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சிரித்த முகமாக நின்றாள்.

"அளக்க வேண்டாங்க," என்றேன். "அரை மில்லி கம்மியா இருக்கும். நான்தான் சீவுனேன். இவங்க ரெண்டு பேருக்கும் தெரியாது."

இருந்தாலும் அளந்தார். எழுதிக்கொண்டார். நான் அப்பாவைப் பார்க்கவில்லை. தங்கைதான் பேசினாள், மெதுவாக.

"அப்ப நான் செயிச்ச மூணும்?"



வருடத்தின் புள்ளிகள் அத்தனையும் ரத்து. நான் பந்தயப் பக்கமே வரக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார்கள். அவள் மேல் தப்பில்லை என்பதால், கம்பெனியின் சீல் வைத்த வேறொரு எஞ்சினில், கடைசி வரிசையிலிருந்து, கணக்கில் சேராமல் மறுநாள் ஓட்டலாம் என்றார்கள். ஓட்டுகிறேன் என்றாள். எஞ்சினை மாற்றும்போது அவளுக்கு ஸ்பானர் எடுத்துக் கொடுத்தது அப்பா.

வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். கடைசியில் கிளம்பியவள் ஒவ்வொருவராகத் தாண்டி இரண்டாவதாக வந்தாள். வளைவில் முழங்கால் தரையில் உரச அவள் போனபோது எனக்கு அழுகை வந்தது, அடக்கவில்லை.

முடிந்ததும் கம்பெனி ஆள் அவளிடம் வந்து பேசியதை அப்பா பிற்பாடு சொன்னார். திறமையில் சந்தேகமில்லை, ஆனால் விதி மீறிய எஞ்சினில் ஓட்டியவளை எடுத்தால் நாளைக்கு எங்கள் விதியை யார் மதிப்பார்கள் என்றாராம். இடம் வேறொரு பையனுக்குப் போயிற்று.

வேனுக்குப் பக்கத்தில் நின்ற என்னிடம் அவள் இரண்டு தாள்களைக் கொண்டுவந்து நீட்டினாள். ஒன்று அன்றைய சுற்று நேரம். இன்னொன்று அதே தளத்தில் நடந்த முதல் போட்டியில், நான் சீவிய எஞ்சினில் அவள் எடுத்த நேரம். அன்றைக்குக் கம்பெனியின் சாதா எஞ்சினில் அவள் அதைவிட வேகமாகச் சுற்றியிருந்தாள்.

"அந்த மூணையும் செயிச்சது நாந்தாண்ணா," என்றாள். "இனி அத யாரு நம்புவாங்க?"